பேரனுக்கு எந்தப் பாத்தியில் பறிப்பது?

வாசகர் கேள்வி - பதில்

“எங்களுக்கு மூணு ஏக்கர். தக்காளி, கத்திரி, முருங்கைனு மாத்தி மாத்தி காய்கறி வெள்ளாமைதான். பேரனுக்கு ஆறு மாசம் முடிஞ்சு பத்து நாள் ஆகுது. டப்பா மாவு வாங்கலாம்னு மகன் சொல்றான். ‘காய் வெளையிற வீட்ல டப்பா எதுக்குடா?’னு நான் சொல்றேன். காயை வேகவெச்சு, அந்தத் தண்ணியை வடிச்சு ஊட்டினா போதும்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. மருமக மட்டும், ‘மருந்து அடிச்ச காய் வேண்டாம் மாமா’னு சொல்லுது. யார் சொல்றதைக் கேக்குறது?”

- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டாரம்

முதலில் மருமகள் சொல்வதைக் கேட்க வேண்டும். காய்கறி விளையும் வீட்டில் குழந்தைக்குக் காய்கறி உணவு கொடுப்பதுபோல நல்ல காரியம் இல்லை. ஆனால், சந்தைக்குப் போகும் பாத்தியும் பேரனுக்குப் பறிக்கும் பாத்தியும் ஒன்றாக இருக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள பெரியவர் ஒரு வேளைக்கு 200 கிராம் கத்திரிக்காய் சாப்பிட்டால், உடம்பின் ஒரு கிலோவுக்கு 3 கிராம் சொச்சம். 7 கிலோ எடையுள்ள குழந்தை 50 கிராம் சாப்பிட்டாலே, ஒரு கிலோவுக்கு 7 கிராம். காயில் மருந்து எச்சம் இருந்தால், பெரியவரைப்போல இரண்டு மடங்கு குழந்தையின் உடம்பில் சேரும். அதைச் சமாளித்து வெளியேற்றும் அளவுக்கு அந்தக் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிர்ந்திருக்காது.

பூச்சிக்கொல்லி லேபிளில் ‘காத்திருப்புக் காலம்’ என்று ஒன்று இருக்கும். கடைசியாகத் தெளித்த நாளிலிருந்து அறுவடை வரை எத்தனை நாள் விட வேண்டும் என்ற கணக்கு அது. இது மருந்துக்கு மருந்து மட்டுமல்ல, பயிருக்குப் பயிரும் மாறும். குளோரன்ட்ரானிலிபுரோல் என்ற மருந்துக்குத் தக்காளியில் 3 நாள். அதே மருந்துக்குக் கத்திரியில் 22 நாள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கும் கத்திரியில் 22 நாள் காத்திருப்பவர் எத்தனை பேர் என்பது, பறிப்பவருக்குத் தெரியும். டப்பாவில் பச்சை முக்கோணம் இருக்கிறது, அதனால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் மருந்தின் வீரியத்தைக் காட்டுகிறதே தவிர, தெளித்த மறுநாளே பறித்துச் சாப்பிடலாம் என்று சொல்லவில்லை.

‘உப்புத் தண்ணியில கழுவினா போயிடும்ல?’ என்றால், பாதிதான் சரி. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பு கரைத்து, காயைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால், தோலின்மேல் ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். ஊடுருவிப் பாயும் மருந்துகள் காயின் சதைக்குள் இருக்கும். அவை கழுவினால் போகாது.

ஆகவே, வீட்டுக்குப் பக்கத்தில் அரை சென்ட் நிலம் ஒதுக்கினால் போதும். தெளிக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்குமோ, அந்தப் பக்கம் வேண்டாம். வயலுக்கு மருந்தும் களைக்கொல்லியும் அடிக்கும் ஸ்பிரேயரை இந்தப் பாத்திக்குள் கொண்டுவரக் கூடாது. சொட்டுநீர்க் குழாயில் உரம் கரைத்து விடுகிறவர்கள், இந்தப் பாத்திக்குப் போகும் வால்வை அடைத்துவிட வேண்டும். பூச்சி வந்தால் கையால் பொறுக்கலாம். முடியாவிட்டால் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்து, சில நாள் விட்டுப் பறிக்கலாம். அரை சென்ட்டில் பூச்சி அரித்தது போக மிஞ்சுவதே ஒரு குழந்தைக்கு அதிகம்.

இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் இரண்டிலும் சாணமும் மூத்திரமும் இருக்கின்றன. மண்ணுக்கு விடுவதில் தவறில்லை. பறிக்கப்போகும் கீரையின்மேல் தெளித்தால், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆறு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். ரசாயனம் இல்லை என்பதும் கிருமி இல்லை என்பதும் வேறு வேறு. குழந்தைக்குப் போகும் கீரை எந்தப் பாத்தியில் வந்தாலும் நன்றாக அலசி, வெந்த பிறகுதான் வாய்க்குப் போக வேண்டும்.

என்ன நடலாம்?

மஞ்சள் பூசணி முதலில் வரட்டும். கொங்குப் பக்கம் அரசாணி, சென்னைப் பக்கம் பரங்கி என்பார்கள். விதை போட்டு மூன்று மாதத்தில் காய் வரும். பறித்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டீன் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும். இடித்து மசித்தால் நார் தட்டாமல் வெண்ணெய்போல வரும்.

அடுத்தது சர்க்கரைவள்ளி. வெள்ளைச் சதையுள்ளதைவிட ஆரஞ்சுச் சதை உள்ளது நல்லது. மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘பூ சோனா’ ரகத்தில் பீட்டா கரோட்டீன் மிக அதிகம். கொடித் துண்டு கிடைத்தால் நாலு நட்டு வைக்கலாம். நாலு மாதத்தில் கிழங்கு வரும். சிறுகீரை மூன்று நாலு வாரத்தில் கைக்கு வரும். முருங்கைதான் வீட்டிலேயே இருக்கிறதே. கேரட்டுக்குக் கொடைக்கானல், ஊட்டி குளிர் வேண்டும். கீழ்நாட்டில் அதற்கு மெனக்கெட வேண்டாம். பூசணியே அந்த வேலையைச் செய்யும்.

பப்பாளிக்குத்தான் முன்யோசனை தேவை. நட்டு ஒன்பது பத்து மாதம் கழித்துத்தான் பழம். வீட்டில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு கன்று நட்டால், குழந்தை பிறந்து, ஆறு மாதம் தாய்ப்பால் குடித்து முடிக்கும்போது மரத்தில் பழம் தொங்கும். இந்தப் பேரனுக்கு அது தப்பிவிட்டது. அடுத்த பேத்திக்கு இப்போதே நடலாம்.

தண்ணியை வடிச்சா என்ன மிஞ்சும்?

இனி, பாட்டி சொன்ன விஷயம். காய் வேகவைத்த தண்ணீரை வடித்து ஊட்டுவது, பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி, ஆப்பிள் சாறு என்று கொடுப்பது தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ‘ஜீரணமாகணும்ல’ என்ற அக்கறையில் வந்தது. ஆனால், எடை ஏறாமல் நிற்கும் குழந்தைகள் பலருக்கு இந்தத் தண்ணீர்தான் காரணம்.

குழந்தையின் இரைப்பை மிகச் சின்னது. உடம்பின் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி பிடிக்கும் என்பது கணக்கு. 7 கிலோ குழந்தைக்கு 210 மில்லி, ஒரு டம்ளர். அந்த டம்ளரைச் சுரைக்காய்த் தண்ணீரால் நிரப்பினால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், பாலும் குடிக்காது. உள்ளே போனது பெரும்பாலும் வெறும் தண்ணீர். 100 கிராம் சுரைக்காயை முழுசாக மசித்துக் கொடுத்தாலே 12 கலோரிதான் தேறும். பூசணியில் 25. பூசணியைவிட உருளைக்கிழங்கில் நாலு மடங்கு, சர்க்கரைவள்ளியில் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, வெளி உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 9 முதல் 11 மாதத்தில் 300. ஒரு வயது தாண்டினால் 550. இதைக் காய்கறியாலும் பழத்தாலும் மட்டும் நிரப்ப முடியாது. ஆகவே, தானியமும் பருப்பும் கொழுப்பும் கூட இருக்க வேண்டும்.

30 கிராம் அரிசி, 15 கிராம் பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி மஞ்சள் பூசணித் துண்டு மூன்றையும் குக்கரில் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ ஊற்றினால், மொத்தம் 200 கலோரிக்குக் குறையாது. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க ஒரு நாள் தேவை முடிந்தது. நெய் சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. பூசணியில் உள்ள கரோட்டீனைக் குடல் உறிஞ்சுவதற்குக் கொழுப்பு வேண்டும். எண்ணெய் இல்லாத பூசணி மசியலில் பாதிப் பலன் மலத்தோடு போய்விடும்.

எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதற்கு ஸ்பூன்தான் அளவுகோல். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் உடனே வழிந்தோடக் கூடாது. ஒட்டி நின்று மெதுவாக விழ வேண்டும். கெட்டியாகக் கொடுத்தால் விக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்கள், கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உருவாகும். கெட்டியான கஞ்சி இளஞ்சூட்டுக்கு வந்ததும் அரை டீஸ்பூன் முளைக்கேழ்வரகு மாவைப் போட்டுக் கலக்கினால், சில நிமிடங்களில் கஞ்சி தானாக இளகிவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் சத்து குறையாது. கலந்த பிறகு ஒரு கொதி விட்டு இறக்கினால் கிருமி பயமும் இல்லை. மாவை அதிகம் கருக வறுத்துவிட்டால் நொதி செத்துப்போகும், கஞ்சி இளகாது. ‘ராகிக் கூழ்’ ஊட்டிய கிராமத்துப் பாட்டிகள் முளைகட்டிய தானியத்தை எடுத்ததில் இந்த விஷயம் ஒளிந்திருக்கிறது.

காயை வேகவைக்கத் தனிப் பாத்திரம் தேவையில்லை. காலையில் இட்லி ஊற்றும்போது, மேல் தட்டில் இரண்டு குழியில் பூசணித் துண்டும் சர்க்கரைவள்ளித் துண்டும் வைத்தால் ஆவியிலேயே வெந்துவிடும். மிக்ஸியில் அரைப்பது ஆரம்பத்தில் சரி. எட்டு மாதமானதும் மிக்ஸியை மறந்துவிட்டு, கையாலோ முள்கரண்டியாலோ மசிக்க வேண்டும். பத்து மாதம்வரை கூழாகவே பழகிய குழந்தை, பிறகு சோற்றுப் பருக்கை தட்டினாலே துப்பும். அம்மாவும் பாட்டியும் தட்டை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புதிதாக ஒரு காயோ பழமோ தொடங்கினால், மூன்று நாள் அது ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். தடிப்பு, வாந்தி, பேதி எதுவும் இல்லையென்றால் அடுத்தது. முதல் நாள் ஒரு ஸ்பூன் போதும். நாக்கை நீட்டித் தள்ளினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை; விழுங்கப் பழகுகிறது, அவ்வளவுதான். அதே காயைப் பத்து நாள் கழித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். உப்பும் சர்க்கரையும் வெல்லமும் ஒரு வயது வரை சேர்க்க வேண்டாம். பெரியவர் ருசி பார்த்துவிட்டு ‘சப்புனு இருக்கே’ என்று உப்புப் போடுவது நடக்கும். அந்தக் கையைத்தான் தடுக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி ரொம்பப் பக்கம். பேரனை மலைக்கு அழைத்துப் போனதும் பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டு நாக்கில் வைக்கத் தோன்றும். அதில் தேன் சேர்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்து, பெரியவர் வயிற்றில் ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை துவண்டுபோய், பால் உறிஞ்சவும் மூச்சுவிடவும் முடியாமல் ஆகும். பிறந்ததும் சேனை தொட்டு வைப்பதற்கும் இது பொருந்தும். பஞ்சாமிர்தம் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு இருக்கட்டும்.

இரும்புச்சத்தில் ஏமாறக் கூடாது

மகன் சொன்ன டப்பா மாவையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் இரும்புச்சத்து, வீட்டு மசியலில் விட்டுப்போகும் விஷயம். தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் தீர்ந்துபோகும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. கீரையில் இரும்பு இருந்தாலும் உடம்பு எடுத்துக்கொள்வது சொற்பம். அதை உயர்த்த, பருப்பு கீரை மசியலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம், தக்காளி சேர்த்து வேகவைக்கலாம். அசைவம் சாப்பிடும் வீடென்றால், நன்றாக வெந்த கோழி ஈரலை நகத்தளவு மசித்துச் சேர்ப்பது எந்தக் கீரையையும்விட மேல். நாட்டுக்கோழி முட்டையும் முழுதாக வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம்.

இதையெல்லாம் செய்தாலும், 6 மாதத்திலிருந்து 5 வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். ‘கீரை கொடுக்கிறோமே, அது எதுக்கு?’ என்று நிறுத்திவிட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், அதில் பயமில்லை. அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் இணை உணவு மாவும் கிடைக்கும். அதோடு வீட்டுப் பூசணி மசியலைக் கலந்து கொடுத்தால் டப்பாவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. டப்பாதான் என்று முடிவானால், லேபிளில் சர்க்கரை எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்கலாம். தாய்ப்பால் மட்டும் இரண்டு வயது வரை நிற்கக் கூடாது.

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தீர்களா?

கேள்வியில் இல்லாத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம் இது. வருடக்கணக்கில் யூரியா போட்ட வயலின் கிணற்றில் நைட்ரேட் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவுக்கு மீறிய நைட்ரேட், குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும்; உதடும் நகமும் நீலமாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் குடிக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம். அதன்பிறகு குறைந்தாலும், வயிற்றுப்போக்கு இருக்கும் சமயத்தில் கவனம் வேண்டும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மீதித் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. முடிவு தெரியும்வரை, குழந்தையின் சமையலுக்குப் பஞ்சாயத்துக் குடிநீரைப் பயன்படுத்தலாம்.

கீரையும் இதே கணக்கில் வரும். யூரியா அதிகம் போட்டு வளர்த்த கீரை, நைட்ரேட்டை இலையிலும், அதைவிடக் காம்பிலும் சேர்த்துவைக்கும். குழந்தைக்கு எடுக்கும்போது காம்பை நீக்கிவிட்டு இலையை மட்டும் எடுக்கலாம். நாள் முழுக்க வெயில் பட்ட பிறகு, மாலையில் பறிக்கும் கீரையில் நைட்ரேட் குறைவாக இருக்கும். வெந்த கீரை மசியலை வெளியே வைத்து மதியத்துக்கு எடுக்கக் கூடாது. வைக்க வைக்க, நைட்ரேட் கிருமிகளால் நைட்ரைட்டாக மாறும், அதுதான் ரத்தத்தைத் தாக்குவது. குழந்தைக்குப் பேதியாகும் நாட்களில் கீரையை நிறுத்திவிட்டு, சோறு, பருப்பு, வாழைப்பழம் என்று கொடுக்கலாம்.

“நாங்க தோட்டத்துல மட்டி வாழை வெச்சிருக்கோம். எங்க ஊர்ல கைக்குழந்தைக்கு மொதல்ல மட்டிப் பழம்தான் கொடுப்பாங்க. நாலு மாசத்துலயே தொடங்கலாம்னு சொல்றாங்க. சரியா?”

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பழம் சரி, மாதம்தான் சரியில்லை. ஆறு மாதம் முடிய தாய்ப்பால் மட்டும் போதும். தலை நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், பெரியவர் சாப்பிடுவதைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். அந்த வயதில்தான் வெளி உணவு.

கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சின்னப் பழம், மணமும் இனிப்பும் அதிகம், கையால் பிசைந்தாலே கூழாகிவிடும். தோல்தான் அதற்கு மூடி என்பதால் கழுவவும் வேகவைக்கவும் வேண்டாம். வீட்டுத் தாரைக் கூடத்தில் தொங்கவிட்டுத் தானாகப் பழுக்கவைப்பதே போதும். நன்றாகக் கனிந்த பழமாக இருக்க வேண்டும். செங்காயாகக் கொடுத்தால் மலம் கட்டும்.

அதே மாவட்டத்தில் ஏத்தங்காயைச் சீவி, காயவைத்து, பொடித்துக் கஞ்சி காய்ச்சுவதும் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால், நேந்திரன் பொடியில் மாவுச்சத்துதான் பெரும்பகுதி. புரதமும் இரும்பும் குறைவு. மூன்று வேளையும் அந்தக் கஞ்சியே கொடுத்தால் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், ரத்தச்சோகையும் இருக்கும். ஒரு வேளை அது, மற்ற வேளைகளில் பருப்பும் காயும் சேர்ந்த சோறு என்று மாற்ற வேண்டும். சீவிய வில்லைகள் ‘டக்’கென்று உடையும்வரை காய்ந்திருக்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பொடியில் பூசணம் பிடிக்கும்.

“எங்க மகளிர் குழுவுல காய்கறிப் பொடி, நிலக்கடலை எல்லாம் சேர்த்துக் குழந்தைகளுக்கான சத்துமாவு செஞ்சு விக்கலாம்னு இருக்கோம். என்ன லைசென்ஸ் வாங்கணும்?”

- ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, விழுப்புரம் மாவட்டம்

இட்லிப் பொடி விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1992ம் ஆண்டின் சட்டமும் 2003ல் வந்த அதன் திருத்தமும் குழந்தை உணவை விளம்பரம் செய்வதையே தடுக்கின்றன. இது தவிர, குழந்தை உணவுக்கான தரத்தை வகுத்து 2020ல் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் வந்துள்ளன. ஆகவே, ‘ஆறு மாதக் குழந்தைக்கு ஏற்றது’ என்று லேபிள் ஒட்டி, சந்தையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ விற்பது சிக்கலில் முடியும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்காமல் ஒரு பாக்கெட்கூடப் போட வேண்டாம். பெரியவர்களுக்கான சத்துமாவாகத் தொடங்குவது குழுவுக்குச் சுலபம்.

விழுப்புரம் என்றால் நிலக்கடலை. அதுதான் இன்னொரு பயம். சரியாகக் காயாத கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது என எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள வேண்டும். வீட்டுக் குழந்தைக்கென்றாலும் இதே கண்டிப்பு தேவை. நைசாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கடலை, பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை மூன்றும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை.

“பூசணியை மசிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாமா? காலையில தோட்டத்து வேலைக்குப் போயிடறேன், அம்மாதான் ஊட்டறாங்க. பூசணி கொடுக்க ஆரம்பிச்சதுல இருந்து பாப்பாவோட உள்ளங்கை மஞ்சளா தெரியுது, காமாலையா?”

- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

மசித்ததைச் சூடு ஆறியதும் சின்னச் சின்னக் கிண்ணத்தில் மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், கட்டி கட்டியாக எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். ஆனால், மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊரில் அதை நம்ப வேண்டாம். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. எடுத்தது நன்றாகக் கொதிக்கச் சூடாகி, பிறகு ஆற வேண்டும். ஸ்பூன் போட்டு ஊட்டிய கிண்ணத்தில் மிஞ்சியதை எடுத்துவைக்கக் கூடாது, எச்சில் பட்டது சீக்கிரம் கெடும். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால், வேகாத துண்டுகளை நறுக்காமல் வைத்துவிட்டு, ஊட்டும் வேளைக்கு ஆவியில் வைக்கச் சொல்வதே நல்லது. பத்து நிமிட வேலை.

உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாவது, பூசணி, கேரட், பப்பாளியில் உள்ள கரோட்டீன் தோலில் சேர்வதால்தான். வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்து, இடையில் பீர்க்கங்காய், உருளை என்று மாற்றினால் சில வாரங்களில் மறைந்துவிடும். பாப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் அது பூசணி. அங்கும் மஞ்சள் தெரிந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, மலம் வெளிறிப் போனாலோ, அன்றைய தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.